டில்லிக்குக் கொஞ்சம் இடம்

இங்கன காலையில எதிர்க்க வர்றவுக, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறதுக்கு முன்னால நாயைப் பார்த்துச் சிரிக்கிறாக. நாயிடம் நலம் விசாரித்து முடித்தபிறகு, போனாப் போகுதுன்னு மனுசருக்கு ஒரு தலையாட்டல். எனக்கு அது சவுகரியமாகத்தான் இருந்தது. யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி. இங்கிலாந்தின் வடக்குப் பக்கம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், நர்சு வேலை பார்க்கிற மகள் செல்வியோடு இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பழைய வாய்க்கால் ஒன்று. அதன் கரையில் சரளைக்கல் பாதை. விடிந்து வெகுநேரம் பனி அதன்மேல் பாலாடை மாதிரி மிதக்கும். அதற்குள் நடக்கும்போது எது எந்த ஊர் என்பதே மறந்துபோகும். கூடலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்க் கரையில் நாற்றுக்கட்டோடு போகிறமாதிரியே இருக்கும். வாத்து ஒன்று கத்தினால்தான் திடுக்கென்று இங்கன வந்து சேருவேன்.

அப்படி நடந்த ஒரு காலையில்தான் டில்லியைப் பார்த்தேன். சிரிக்காதீக, நாய்க்கு அதுதான் பேரு. செம்மண் நிறத்தில், காது மடங்கின பொட்டை நாய். அதைப் பிடித்துவந்தது எங்கள் தெருக்கோடி வீட்டு ஜூடி. என் வயதுதான் இருக்கும். நாயின் கயிற்றில் மஞ்சள் ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. எனக்குப் பகீரென்றது. நம்ம பக்கம் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டிக்குத்தான் மஞ்சள் துணி கட்டுவாக. இந்த ஊரில் நாயையுமா நேர்ந்துவிடுகிறாக? பாவமே என்று கிட்டப் போனேன். அந்தம்மா உள்ளங்கையைக் காட்டி, "ஸ்பேஸ்! ஸ்பேஸ், ப்ளீஸ்!" என்றாக. என் காதில் "பேசு, பேசு" என்று விழுந்தது. வெள்ளைக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியுதே என்று ஆச்சரியம். என்னைப் பேசு என்று கேட்ட ஆளையே நான் கண்டதில்லை. குனிந்து, "என்ன ஆத்தா, உன்னைய எந்தச் சாமிக்கு நேர்ந்துவிட்டிருக்காக?" என்றேன். அவ்வளவுதான். டில்லி எகிறிக் குதித்துக் குரைத்த குரைப்பில் வாய்க்கால் வாத்தெல்லாம் பறந்துபோயின. ஜூடி முகம் சிவக்க, "ஸாரி, ஸாரி" என்று நாயை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாக.

செல்வியிடம் சொன்னதும் சோறு புரையேறச் சிரித்தாள்.

"எம்மா, அது நேர்த்திக்கடன் இல்லம்மா! பயந்த நாயி. மஞ்சள் கட்டியிருந்தா கிட்ட வராதீகன்னு அர்த்தம். ஸ்பேஸுன்னா இடம். தள்ளி நில்லுன்னு அவுக கெஞ்சியிருக்காக, நீ போயிக் கொஞ்சியிருக்கே!"

"பேசுன்னுல்ல கேட்டுச்சு."

"ஊர்ல சொந்தக்காரககிட்டயே வாயத் தொறக்க மாட்டே. இங்கன வந்து நாயிகிட்டப் பேச்சா?"

அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் நம்ம தெருவில் யாரும் படியேற மாட்டாக. அதில் கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. உள்ளே ஒரு உயிர் நோவில் கிடக்கிறது, அதுக்கு நாம் தள்ளிப்போவதுதான் மரியாதை. மஞ்சள் ரிப்பனும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்க ஊரு சின்னமனூரில் நாயைக் கயிறு கட்டி உலாத்திக் கூட்டிப்போனவுக கிடையாது. பயந்த நாய் தானாக வாழைத்தோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இங்கன அதுக்குக் கழுத்தில் கயிறு. ஓட வழியில்லாதது குரைக்காமல் என்ன செய்யும்?

செல்வி மன்னிப்புக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு ஜூடி வீட்டுக்குப் போனாள். அந்தம்மா மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தாக. டில்லி நாய்க் காப்பகத்திலிருந்து வந்ததாம். எடுத்த வீட்டுக்காரக ரெண்டு தடவை திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டாகளாம். போன மாதம் கயிறில்லாத நாய் ஒன்று மேலே பாய்ந்து வரவும், டில்லி துள்ள, ஜூடி விழ, கை பிசகிவிட்டது. ஜூடிக்கு மகள் ஒருத்தி இருக்கிறாள், இதைத் திருப்பி அனுப்பு என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். மறுபடி திரும்பிப்போனால் இதை யார் எடுப்பாக என்று கேட்டுவிட்டு, ஜூடி ஆறின டீயையே பார்த்துக்கொண்டிருந்தாக. டில்லி மேசைக்கு அடியில் அவுக செருப்பின்மேல் தாடையை வைத்துக் கிடந்தது.

"முன்னால ஒரு ஆளு நடந்து, எதிர்க்க வர்றவுககிட்டத் தள்ளிப்போகச் சொன்னாப் போதுமாம், எம்மா. அதுக்கு ஆள் இல்லையாம்" என்றாள் செல்வி.

"நான் போறேன்" என்றேன்.

"நீயா? ரேசன் கடையில எடை கொறஞ்சாக்கூட அப்பாவத்தான் அனுப்புவே!"

உண்மைதான். செல்வி அப்பா இருந்தமட்டும் அவுகதான் முன்னால் போவாக. கம்பம் பஸ்ஸில் இடம் கேட்பது, உத்தமபாளையம் ஆபீசில் பதில் சொல்வது எல்லாம் அவுகதான். அவுக சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டே ஊரெல்லாம் போய்வந்தவள் நான். அஞ்சாப்பு முடிச்ச படிப்புக்கு அதுவே போதுமென்று இருந்தது.

மறுநாளிலிருந்து நான் முன்னால் நடந்தேன். ஜூடியும் டில்லியும் பின்னால், பனிக்குள் பாதி கரைந்து வருவாக. யாராவது தென்பட்டால் நான் கையைத் தூக்குவேன். ஜூடி நாயைப் புதர் பக்கம் திருப்பி, சீஸ் துண்டை நீட்டுவாக. நான் எதிரில் வருகிறவரிடம் போய், "டாக் நெர்வஸ். ஸ்பேஸ் ப்ளீஸ்" என்று மனப்பாடம் ஒப்பிப்பேன். முதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் நல்ல சனங்கள். தங்கள் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கி நின்றாக. மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற என்னைப்போன்றவுகளுக்குச் சொல்கிறேன், ஒரு வாயில்லா ஜீவனுக்காகப் பேசும்போது கூச்சம் பாதியாகிவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை ஜூடியின் மகளும் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நடந்தாள். இன்றைக்கு டில்லி ஒரு தடவை துள்ளினாலும் காப்பகத்துக்குத்தான் என்று தாயிடம் சொல்லிவிட்டாளாம். பனி அன்றைக்கு அடர்த்தி. மேகமலை மேகம் இறங்கிவந்து வாய்க்காலில் படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அதற்குள்ளிருந்து கன்றுக்குட்டி உயரத்தில் கறுப்பு நாய் ஒன்று கயிறில்லாமல் ஓடிவந்தது. அதற்குப் பின்னால் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்: "டோன்ட் வொர்ரி, ஹீ இஸ் ஃப்ரெண்ட்லி!"

உன் நாய் சாதுதான்யா, பின்னால் வருகிறதுக்கு அது தெரியுமா? கையைத் தூக்கினேன். மனப்பாடம் செய்த இங்கிலீசு ஒரு எழுத்தும் வரவில்லை.

"ஏலே! அங்கனயே நில்லு! யோவ், நாயப் பிடிங்கய்யா! பின்னாடி ஒரு பிள்ள பயந்துபோயி வருது, தெரியல?"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. முதலில் நின்றது அந்த நாய்தான். நின்றதோடு குண்டியை வைத்து உட்கார்ந்தும்விட்டது. மூச்சிரைக்க வந்த மனுசர் என்னையும் நாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஸாரி, மேடம்" என்று கயிற்றை மாட்டிப் புல்லில் ஒதுங்கினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயம். பின்னால் சீஸ் தாள் கசங்கியது. "குட் கேர்ள், குட் கேர்ள்" என்று ஜூடி முணுமுணுத்தாக. அப்புறம் ஈரப் புல்லில் நாலு கால் நடக்கிற சத்தம், என் முதுகைச் சுற்றி, என்னைத் தாண்டி, முன்னால் போனது. ஒரு குரைப்பு இல்லை. மகள் கட்டியிருந்த கையைப் பிரித்து, எனக்கும் ஒரு துண்டு கொடு என்கிறமாதிரி தாயிடம் நீட்டினாள். டில்லி அவள் விரலிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டது. மூவரும் பனிக்குள் போய்விட்டாக.

நான் தூக்கின கையை இறக்காமல் நடுப்பாதையில் நின்றேன். தொண்டைக்குள் சின்னமனூர் இன்னும் சூடாக இருந்தது. காலுக்குக் கீழே இந்த ஊர்ச் சரளை குளிர்ந்து கிடந்தது.