முடிச்சுப் போட்ட சுக்கான்

பல்செட் செய்பவருக்கு யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லை. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருந்தார்கள். எப்பேர்ப்பட்டவனும் தன் முன்னால் வாயைப் பிளந்தாக வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கயாக்கை, அந்த ஒல்லியான துடுப்புப் படகை, காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, சகலை தன் மோட்டார் படகில் கயிறு கட்டி, ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்க, கரைக்கு இழுத்து வந்துவிட்டார். உயிரைக் காப்பாற்றியவரை லேசில் மன்னிக்க முடியுமா? இனி சொந்தக் கையால் துடுப்புப் போட்டுத்தான் எதிர்க்கரையில் இருக்கும் சகலை வீட்டு வாசலில் இறங்குவேன், அதுவரை நீயும் உன் அக்காவைப் பார்க்கப் போகக் கூடாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். விரிகுடாவைச் சுற்றி பஸ் ஓடுகிறது. ஆனால் பஸ்ஸுக்கு ரோஷம் கிடையாதே.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவர் உட்காரும் கயாக்கில் கிளம்பினார்கள். மனைவி முன்னால், கேப்டன் பின்னால். பாதி தூரத்தில் இடப்பக்கமிருந்து காற்று பிடித்தது. கயாக்கின் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. நிமிர்த்தினால் மறுபடியும் திரும்பியது.

"வலது பக்கம் ரொம்ப இழுக்கிற," என்றார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க போடறேன்."

"அப்போ படகு பொய் சொல்லுதா?"

படகு பொய் சொல்லவில்லை. பக்கக் காற்றில் கயாக் அப்படித்தான் திரும்பும். அதற்குத்தான் பின்னால் சுக்கான். தண்ணீரில் இறக்கிவிட்டுக் காலால் மிதித்து நேராக ஓட்டலாம். இவருடைய சுக்கானோ படகின் முதுகில் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. பல்லுக்குப் பாலிஷ் போடும் சக்கரத்தில் அதைப் பளபளவென்று மினுக்கியவர், கரை மணலில் கீறல் விழக் கூடாதென்று துணி சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். அவிழ்க்க மறந்தது இப்போதுதான் உறைத்தது. கை எட்டவில்லை. சொல்ல மனமும் வரவில்லை.

"இடது பக்கம் மட்டும் போடு," என்று அதட்டினார்.

போட்டாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. எதிர்க்கரையில் அக்கா வீட்டு மாடி தெரிந்துகொண்டே இருந்தது, கிட்ட வரவில்லை.

மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்க வேண்டும். மோட்டார் படகு வந்தது. சகலை குனிந்து முடிச்சை அவிழ்த்தார். சுக்கான் தண்ணீரில் இறங்கியது.

மனைவி திரும்பி அந்தத் துணியைப் பார்த்தாள். "கட்டியிருந்தது உங்களுக்குத் தெரியுமாங்க?"

கேப்டன் மேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தான், கொஞ்சம் கை குடுங்க," என்று அவள் மோட்டார் படகில் ஏறிக்கொண்டாள்.

"நீங்களும் வாங்க சகல, சாப்பாடு ரெடியா இருக்கு," என்றார் மோட்டார் படகுக்காரர்.

"எனக்கு வேலை இருக்கு," என்றார் நடுக்கடலில் உட்கார்ந்திருந்தவர்.

"அவருக்கு வேலை இருக்கும், விடுங்க அத்தான். நான் அப்புறமா வந்துக்கறேன்." எப்போது என்று அவள் சொல்லவில்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

கயாக் இப்போது நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது, யாருமில்லாத தன் வீட்டை நோக்கி. அவருக்கு அழுகை வந்தது. பழி போட முன்னால் ஆளும் இல்லை.