இரைச்சலோடு சேர்த்து எபினேசரையும் துடைத்த கதை

தட்... தட்... தட் தட். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்யும் தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற வேலை என்று ஒன்றும் கிடையாது. இப்படி ஏதாவது ஒரு சத்தம்தான் முதலில் வந்து நிற்கும், அது யார், எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பை நிறைய கேசட் இருக்கும். போட்டுக் கேட்க மெஷின் இருக்காது, தூக்கிப் போட மனசு வராது. அப்படியானால் நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்தான், கட்டில் மட்டும் வேறு வேறு. எனக்கு இந்த வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. தூக்கம் வராத ஒருவன் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் ராத்திரி முழுக்கச் சீட்டு விளையாடுவான், இல்லாவிட்டால் இப்படி ஆவான். கீழே எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஒரு பேண்டு கேசட்டால் வந்த வினை. அதில் ஒரு பெரியவரின் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தேன்.

கரண்டு போயும் நிற்காத சத்தம்

காஞ்சிபுரத்தில் ஆரோன் பேண்டு செட் என்றால் தெரியாதவர்கள் குறைவு. கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, சர்ச் திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். ஆரோன் மாஸ்டர் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேசட் போட்டார். மறு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பேண்டை நடத்துகிற அவர் மகன் சாலமன், அந்தக் காலத்தில் கடையில் விற்ற பிரதி ஒன்றைக் கொண்டுவந்து, "சுத்தம் பண்ணிக் குடுங்கண்ணா. மெமரி கார்டுல போட்டு சர்ச் திருவிழால விடப்போறோம்" என்றார்.

மத்தியானம் உட்கார்ந்தேன். கிளாரினெட்டுக்கு அடியில் தட் தட் என்று ஒரு சத்தம். டிரம் என்று சொல்ல முடியாது, தாளத்தில் இல்லை. கேசட் சக்கரம் தேய்ந்திருக்கும் என்று டேப்பை எடுத்து வேறு கூட்டில் மாட்டினேன். போகவில்லை. அடிச் சத்தத்தை வெட்டினேன். பெரிய டிரம் போனது, தட் தட் இருந்தது. நடுச் சத்தத்தை வெட்டினேன். டிராம்போன் போனது, தட் தட் இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பேண்டில் ஒன்றரை ஆள்தான் மிச்சம். அப்போது கரண்டு போயிற்று. ஃபேன் நின்றது, கம்ப்யூட்டர் நின்றது. தட் தட் மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்கா வீட்டுத் தறி! பத்து வருஷமாகக் கூடவே இருப்பதால் என் காது அதை ஒரு சத்தமாகவே மதிக்காமல் இருந்திருக்கிறது. அன்றைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ராத்திரியில்தான் வேலை. ஜன்னல் வழியாக நடந்ததைச் சொன்னதும் சரோஜா அக்கா சிரித்த சிரிப்பில் பாதி தெரு எட்டிப் பார்த்தது. "எங்கூட்டு தறிய உன் கம்ப்யூட்டர்ல நிறுத்த முடியாதுபா. அதுக்கு எங்கூட்டுக்காரர கூப்ட்டு சோறு போடணும்."

இரண்டு அமுக்கு

கேசட் சுத்தம் செய்வது இப்படி: பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் வெறும் டேப் ஓடும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வரும். அதை ஒரு துண்டு எடுத்துக் கம்ப்யூட்டரிடம் காட்டி, "இந்த முகஜாடையில் எவன் இருந்தாலும் வெளியே தள்ளு" என்று சொல்ல வேண்டும். தள்ளிவிடும். ஒரு வாரத்தில் கேசட் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

சாலமன் வந்து கேட்டார். முகத்தில் திருப்தி இல்லை. இதே கேசட்டை மெட்ராஸில் யாரிடமோ கொடுத்து ஏற்கெனவே ஒருமுறை மாற்றி வைத்திருக்கிறார். போனில் அதைப் போட்டுக் காட்டினார். கிளாரினெட்டின் மூச்சும் பெரிய டிரம்மின் அடியும் ஒரே உயரத்தில், முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி முண்டிக்கொண்டு வந்தன. "உங்களுது சுத்தமாத்தான் இருக்குது, ஆனா பலம் இல்லண்ணா" என்றார். மெதுவாக வாசித்தது மெதுவாக இருந்தால்தான் ஓங்கி அடித்தது ஓங்கிக் கேட்கும் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். தலையை ஆட்டினார், ஏறவில்லை. கடைசியில் அவர் போனை வாங்கி, என் பிரதியைப் போட்டு, சத்தம் கூட்டுகிற பக்கவாட்டுப் பட்டனை இரண்டு தடவை அமுக்கிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் திறந்தார். "அட, பலம் வந்துடுச்சே! அப்ப மெட்ராஸ்காரன் எனக்குக் குடுத்தது இந்த ரெண்டு அமுக்குதானா?"

என்னை எங்கே வைத்திருக்கிறாய்?

அந்தக் கண்ணாடிப் பிரதியைச் சாலமன் பழைய வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் என் வாசலில் ஒரு பெரியவர், தேய்த்த சட்டை, கையில் மஞ்சள் பை. பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவராம். "நான்தான் எபினேசர். மாஸ்டர் பேண்டுல கிலுக்கு வாசிச்சவன். என்ன எங்கப்பா வெச்சிருக்கற?" என்றார்.

கிலுக்கு என்று பேண்டுக்காரர்கள் சொல்வது மராக்கஸை. கைப்பிடி வைத்த இரண்டு குடுக்கை, உள்ளே விதை, ஆட்டினால் சிக் சிக். முந்தின நாள் மகள் வீட்டில் மருமகன், மருமகன் வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்து இவர் கேசட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். "இப்ப வருவேன் பாரு, இப்ப வருவேன் பாரு" என்று ஒரு பக்கம் முழுக்க ஓடிவிட்டது. இவர் வரவேயில்லை. "மாமா, நீங்க அன்னிக்கி லீவா?" என்று மருமகன் கேட்டானாம். அட்டையில் இருக்கிற போட்டோவிலும் ஆறு பேர்தான். போட்டோ எடுக்கும்போது இவர் எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருந்தார். மெமரி கார்டோடு கொடுக்கிற புது அட்டையில் வாசித்தவர்களின் பேர் போடப்போகிறார்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "'அன்னிக்கி நான் ஏழு வயசுப் பையன், எனக்குத் தெரியாது, கேசட்டுல கேக்குற ஆளு பேரத்தான் போடுவேன்'னுட்டான் சாலமன். ஞாயந்தான். ஆனா முப்பது வருஷமா நான் வாசிச்சேன் வாசிச்சேன்னு சொல்லிக்கினு திரியறேனே, நான் பொய்யா?" என்றார்.

'ஸ்ஸ்' ஜாடையில் எவன் இருந்தாலும் வெளியே தள்ளு என்று சொன்னவன் நான்தானே? இரைச்சலோடு சேர்த்து, உயிரோடு இருக்கிற மனிதரையும் பெருக்கி வெளியே தள்ளியிருக்கிறேன். அவசரமாகத் துடைக்காத பிரதியைப் போட்டேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே ஸ்ஸ்ஸ். அதில் எது டேப், எது எபினேசர் என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "நான்தான்... நான்தான்..." என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தது. கை நிற்கவில்லை. "அண்ணா, பாட்டு முடிஞ்சிடுச்சே" என்றேன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "அடுத்த பாட்டுக்கு ரெடியாவ வேணாமா?"

திருகைத் திருப்பிய பாய்

கடைப் பிரதியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, முதல் பிரதி வேண்டும். அந்தக் காலத்தில் இந்தக் கேசட்டைப் பிரதி எடுத்து விற்றவர் காதர் பாய். இப்போது அதே கடையில் போன் கவர் விற்கிறார். ஸ்டூடியோவிலிருந்து வந்த முதல் பிரதியை, மாஸ்டர் இறந்ததும் அவர் சம்சாரத்திடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கிளம்பும்போது சும்மா கேட்டுவைத்தேன்: "பாய், அட்டையில ஒரு பக்கம் முப்பது நிமிஷம்னு போட்டிருக்கு. நான் ஓட்டினா இருபத்தெட்டுதான் வருது. மீதி எங்க?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாங்கின வெற்றுக் கேசட்டுகள் எல்லாம் அளவு குறைச்சலாம். கடைசிப் பாட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. பார்த்தார் பாய். பாட்டை ஓட்டுகிற மெஷினின் மோட்டாரில் ஒரு திருகு இருக்கிறது. அதை லேசாகத் திருப்பிவிட்டார். பாட்டெல்லாம் கொஞ்சம் ஓட்டமாக ஓடி, அந்தக் குட்டை டேப்புக்குள் அடங்கிவிட்டது. ஓட்டமாக ஓடினால் சுருதியும் ஏறுமே, அரைச் சுருதி ஏறிய கேசட்டை ஊர் முழுக்க விற்றிருக்கிறீர்களே என்றேன். பாய்க்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "கடைசி பாட்டு பாதில நின்னா கஸ்டமர் சண்டைக்கி வருவான். கொஞ்சம் வேகமா ஓடுனா எவன் வருவான்? முப்பது வருஷத்துல நீதான் மொத ஆளு."

மூன்று விரல்

முதல் பிரதி, மாஸ்டரின் சிவப்பு யூனிபாரம் கோட்டுப் பையில் இருந்தது. பெட்டியில் பூட்டி வைத்து, அந்தக் கோட்டைத் தொட சாலமனின் அம்மா யாரையும் விட்டதில்லையாம். இந்தத் தடவை கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். சாலமன் ட்ரம்பெட்டோடு வந்தார், கூடவே வாசித்துப் பார்க்கலாம் என்று. அப்பா போகும்போது அவருக்கு எட்டு வயசு. அப்பாவின் பாட்டையெல்லாம் பாயின் கடைப் பிரதியைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் கற்றுக்கொண்டார். அவர் மட்டும் என்ன, ஊரில் உள்ள மற்ற பேண்டுகளும் அப்படித்தான்.

சரியான வேகத்தில் ஓடவிட்டேன். அரைச் சுருதி கீழே, நிதானமாக வந்தது. சாலமன் வழக்கம்போல் வாசித்தார். ஒட்டவில்லை, தகரத்தைக் கீறியது போல இருந்தது. இறக்கி வாசித்துப் பார்த்தார். ட்ரம்பெட்டில் மூன்று கட்டை இருக்கிறதல்லவா? பாயின் திருகு உபயத்தில் ஏறிய சுருதிக்கு மூன்றையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாஸ்டர் வாசித்த அசல் சுருதியில் பாதி ஸ்வரத்துக்கு விரலே வேண்டாம், ஊதினால் போதும். சாலமன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார். தன் விரல்களைப் பார்த்தார். நான் டேப்பை நிறுத்தவில்லை. "இருவத்தஞ்சு வருஷமா விரலு நோவ வாசிக்கிறேன். எங்கப்பா இவ்ளோ ஈசியாவாண்ணா வாசிச்சாரு?"

கொட்டிய விதை

வெள்ளிக்கிழமை எபினேசர் வந்தார், தனியாக. முதல் பிரதியில் இரைச்சல் குறைவு; நான் எதையும் துடைக்கவில்லை. முதல் பாட்டிலேயே இடது பக்கம் ஓரமாகச் சிக் சிக், சிக் சிக். சந்தேகமே இல்லை, ஆள் இருக்கிறார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "மூணாவது பாட்டு போடு" என்றார்.

போட்டேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சிக் சிக் நடுவில் சட்டென்று நின்றது. தரையில் பொடிப்பொடியாக ஏதோ சிதறி உருளும் சத்தம். எட்டுத் தாள அடிக்குக் கிலுக்கே இல்லை. பிறகு திரும்ப வந்தது, ஒரு பக்கத்துச் சிக் மட்டும். "ஒண்ணு ஒடஞ்சிப் போச்சி. வெதையெல்லாம் கீழ. நான் நிறுத்திட்டேன். மாஸ்டர் ஊதிக்கினே கண்ண உருட்டனாரு. இருக்கறத வெச்சி ஆட்டுனேன். இன்னொரு வாட்டி வாசிக்க டைம் இல்லன்னுட்டாங்க. இத யாருக்கும் சொல்லல" என்றார்.

இப்போது எனக்கு வேறு கவலை. அட்டையில் பேர் வரும். கூடவே மருமகன் இதையும் கேட்பான். "கவலைப்படாதீங்கண்ணா. ரெண்டாவது பாட்டுலருந்து எட்டு அடி வெட்டி இங்க ஒட்டிடறேன், உருண்ட சத்தத்தையும் எடுத்துடறேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன். மௌஸில் என் கை தயாராக இருந்தது. அவர் அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். விதை உருண்டது. இன்னொரு தடவை. விதை உருண்டது. மூன்றாவது தடவை முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ஒட்டாதப்பா. ஒட்டுனா மொத்தமும் கம்ப்யூட்டரு வாசிச்சதுன்னுடுவான் எம்மருமவன். கம்ப்யூட்டரு வெதய கொட்டுமா?"

அவர் எதிரிலேயே சாலமனுக்குப் போன் செய்து பேரைச் சொன்னேன்; அட்டையில் ஏழாவதாக 'மராக்கஸ்: எபினேசர்' என்று வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது, பெருக்குவதற்கு முன்னால் "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான்.

அன்றைக்கு அவரை அனுப்பிவிட்டு வந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, டேப் மெஷினின் ஹெட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.