பிச்சைமுத்து கழுவிய மணல்

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் ஈயமணல் கழுவத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் பிச்சைமுத்துவின் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். உருக்காலையின் மாதிரி அறையில் அவனுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. மூட்டைக்கு ஒரு பிடி மணல் எடுத்து, டூலாங் என்னும் அகன்ற மரத்தட்டில் அலசி, காயவைத்து, காந்தம் காட்டி, கடைசியில் வாயால் ஊதுவான். கறுப்பு ஈயமணல் மட்டும் மிஞ்சும். மற்றதெல்லாம் அமாங், அதாவது கழிவு. மஞ்சள் பொட்டு ஒன்று தெரிந்தாலும் வெள்ளைக்காரத் துரை தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் ஆலை மூடியது. 1943இல், போனவர்களில் பாதிப் பேர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பட்டியலில், புஷ்பவள்ளியைக் கட்டியிருந்த அவன் தம்பி சின்னையாவின் பெயரும் ஏறிவிட்டது.

அப்போதுதான் ஒரு சின்ன ஜப்பானியச் சுரங்கக் கம்பெனி ஜார்ஜ் டவுனில் கதவைத் திறந்தது. சொந்த ஊரில் நிலக்கரி தோண்டியவர்கள். கடல் தாண்டியது இதுவே முதல் தடவை. ராணுவம் அவர்களைத் தேடச் சொன்னது, ஒருவகை மணலில் கலந்திருக்கும் யுரேனியத்தை. அந்தச் சொல்லை வெளியே விடக் கூடாது என்பது கட்டளை. ஆகவே எஞ்சினியர் மொரிட்டா, மணல் கழுவ வேலைக்கு எடுத்த பிச்சைமுத்துவிடம் மொழிபெயர்ப்பாளர் அலாவுதீன் மூலம் சொன்னது இவ்வளவுதான்: பழைய சுரங்க மேட்டு மணல் வரும், கனமானதைப் பிரித்துக் கொடு.

உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டுத் தம்பியையும் சேர்த்துக்கொண்டான் பிச்சைமுத்து. கம்பெனியின் முத்திரைக் கடுதாசி சட்டைப்பையில் இருக்கும்வரை சின்னையாவை யாரும் தொட முடியாது.

"ஏண்ணே, வெள்ளைக்காரனே வேணாம்னு கொட்டுன மண்ணுல்ல இது. இதுல என்னத்த தேடுறானுங்க?" என்றான் சின்னையா, தண்ணீர் இறைத்தபடி.

"உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. ஒரு சிட்டிகை வந்தாலும் சுத்தமா இருக்கணும். நம்ம கை வேலைய அவனும் பாக்கட்டும்."

முப்பது மூட்டை. ஆயுளில் அப்படி அவன் கழுவியதில்லை. தம்பியின் உயிர் தட்டில் இருக்கிறது என்ற நினைப்பில் ஒன்றுக்கு மூன்று தடவை ஊதினான். தேன் நிற அமாங் மணல் சாக்கடையோடு போய் ஆற்றில் கலந்தது. கறுப்பு மணல் மட்டும் புட்டிகளில் ஏறி ஜப்பானுக்குப் போனது.

மூன்றாம் மாதம் மொரிட்டா இருவரையும் கூப்பிட்டார். சுவரிலிருந்த வரைபடங்களை யாரோ சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தார்.

"இதத்தான் தேடி வந்தாங்களாம். உங்க மணல்ல ஒரு பொட்டுக்கூட இல்லையாம். கம்பெனிய மூடச் சொல்லி உத்தரவு வந்திருச்சு," என்றார் அலாவுதீன்.

குப்பிக்குள் தேன் நிற மணல்.

பிச்சைமுத்து அலாவுதீன் பக்கம் திரும்பினான். "அண்ணே, இருந்துச்சுண்ணே! கூடை கூடையா இருந்துச்சு. நான்தான் அழுக்குன்னு ஊதிட்டேன். சொல்லுங்கண்ணே!"

அலாவுதீன் முகம் மாறாமல், "நாச வேலைன்னு மூணு பேரு தலையும் போகும். வாய மூடு," என்றார்.

"அப்ப இன்னும் ஒரே ஒரு மூட்டை கேளுங்க."

அதை மட்டும் அலாவுதீன் கேட்டார். மொரிட்டா முடியாது என்று தலையை ஆட்டினார். அவருக்கு வியாழக்கிழமை கப்பல். சின்னையாவின் கடுதாசியை வாங்கி நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அடுத்த வாரம், எதிர்க்கரையிலிருக்கும் பிறை ஊருக்குப் போகும் ஃபெரித் துறையில் ஆள்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து ரயில். பிச்சைமுத்து தம்பியின் பக்கத்தில் குந்தி, நடந்ததை மறுபடி சொல்ல வாயெடுத்தான்.

"விடுண்ணே. நானுந்தான் தண்ணி ஊத்துனேன்," என்றான் சின்னையா. "புஷ்பவள்ளிகிட்ட மட்டும் சொல்லாத. கம்பெனிக்காரன் ஓடிட்டான்னு இருக்கட்டும்."

பிச்சைமுத்து சொல்லவில்லை. போர் முடிந்து, சயாமிலிருந்து திரும்பியவர்கள் எல்லாரும் திரும்பிய பிறகும் சின்னையா வரவில்லை. புஷ்பவள்ளி அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம், "நீங்க முடிஞ்சதச் செஞ்சீங்க மாமா," என்பாள். அவன் குனிந்து சாப்பிடுவான்.