பால் கட்டியிருக்கு என்று சொன்னேன்

"1997 ஆவணி 9, திங்கள். பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். வலது காம்பில் வெடிப்பு, இடதில் புண். பால் கொடுக்கையில் ரத்தம் கசிந்தது."

என் டைரிதான். எழுதும்போது காம்பு என்ற சொல்லுக்கு நான் கூச்சப்படவில்லை. வாயில்தான் அது வரவில்லை.

புதன்கிழமை கணவரின் அக்கா பிள்ளையைப் பார்க்க வந்தார். நிலக்கோட்டைப் பக்கம் அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம். பிள்ளை வாய் வைத்ததும் நான் பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டார்.

"ஏத்தா, என்ன செய்யுது?"

அறைக்குக் கதவில்லை, துணித் திரைதான். அந்தப் பக்கம் கணவரும் கொழுந்தனும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பால் கட்டியிருக்கு மதினி" என்றேன்.

"அம்புட்டுத்தானா? பால்கட்டுக்கு மல்லிகைப்பூ வச்சுக் கட்டுனா வடிஞ்சிரும். இதுக்கா இந்த அழுகை?" பையிலிருந்த உதிரிப்பூவை அள்ளித் துணியில் பரப்பி, மார்போடு சேர்த்துக் கட்டினார். "ஊரே தலையில வைக்குது, நீ நெஞ்சுல வச்சுக்க. எங்கம்மா கேட்டா புது பேசன்னு சொல்லு."

சிரித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. பூ இருக்கும்வரை புண்ணில் பிள்ளையை வைக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. மூன்று நாள் பூவை மாற்றி மாற்றிக் கட்டினேன். பிள்ளைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தேன்.

"ஆவணி 14, சனி. வலி இல்லை. மார்பு தொளதொளவென்று இருக்கிறது."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் புண்ணைக் காட்டி, பூ கட்டியதைச் சொன்னதும் நர்ஸ் திட்டினார். "காம்பு வெடிப்புக்கு யாராச்சும் மல்லிகைப்பூ கட்டுவாங்களா? பிள்ளையப் பறிகொடுத்தவங்க பால் வத்துறதுக்குக் கட்டுறதும்மா அது. காம்பை மட்டும் வாயில குடுத்திருக்கீங்க, அதான் வெடிச்சிருக்கு. சுத்தியிருக்கிற கருப்பும் உள்ள போகணும். குடிச்சு முடிச்சதும் உங்க பாலையே ரெண்டு சொட்டு தடவிக் காயவிட்டிருந்தா ஆறியிருக்கும்."

அவர் சொன்னபடியே பிள்ளையின் வாயை அகலத் திறக்க வைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். துளியும் வலிக்கவில்லை. இவ்வளவுதானா என்று அழுகை வந்தது. பிள்ளை நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி வீறிட்டான். பதினெட்டு நாள் விடாமல் வைத்துப் பார்த்தேன். பூண்டு தின்றேன், சுறாப்புட்டு தின்றேன். துணி நனையும் அளவுக்குக்கூட ஊறவில்லை. புரட்டாசி பிறந்த பிறகு அவன் என் மார்பைத் தேடுவதையே விட்டுவிட்டான். பால் புட்டியைப் பார்த்தால்தான் கையை ஆட்டினான்.

மதினியிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. கட்டியது அவர் கை. சொல்லை மாற்றிச் சொன்னது நான்.

வற்றியது பூவினாலா, மூன்று நாள் பிள்ளையை ஒதுக்கி வைத்ததாலா என்று பிறகு மூன்று டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் பூ என்றார். ஒருவர் பூவுக்கு அந்தச் சக்தியே இல்லை என்றார். மூன்றாமவர் சிரித்தார். இரண்டையும் ஒரே நாட்களில் செய்திருக்கிறேன். எது காரணம் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.