கார்டு ஆறுவதற்குள்

வாரண்டி முடிந்த மறுமாதமே, கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவருக்குப் புதிய கார்டு எட்டாக்கனி. ரிப்பேர்காரர் பழையதன் சிப்பைச் சூடாக்கி உயிர் கொடுத்தார்.

"அணைச்சுடாதீங்க சார். ஒருதடவை ஆறிட்டா மறுபடி எழுந்திரிக்குமான்னு சொல்ல முடியாது."

அதன்பின் அவர் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை.

"பெத்த புள்ளைக்குக்கூட இப்படிக் காவல் இருந்ததில்ல நீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் கொடுக்க வேண்டிய வரைபடம் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வந்தும்விட்டது.

"அதான் வந்துருச்சே, போடுங்க."

அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு இருந்தது.

"போடுங்கன்னா! பாத்துக்கிட்டே இருந்தா ஆறிடாதா?"

அது அவருக்கும் தெரியும். பொத்தான்மேல் வைத்த விரல்தான் அழுத்த மறுத்தது.