மச்சானின் பெயர் பொறித்த கிண்ணம்

தான் ஒரு கூடைப்பந்து வீரர் என்பது என் மச்சானுக்கு ஐம்பது வயதில்தான் தெரியவந்தது. மச்சான் என்றால் மனைவியின் தமையன். ரொக்ஸ்பரோவில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு; எங்கள் தேவாலயப் பங்குச் சபையின் விளையாட்டுப் பொறுப்பும் அவரிடம்தான். அமெரிக்கக் கூடைப்பந்து லீக் வருடா வருடம் மாசி மாதத்தில் தன் நட்சத்திர வீரர்களை ஒரு வார இறுதிக்குக் கூட்டிவைத்துக் கொண்டாடும். அதே வார இறுதியில் எங்கள் பங்கிலும் நட்சத்திர விழா நடத்தப்போவதாக அறிவித்தார்.

“ஆர் நட்சத்திரம்?” என்று கேட்டேன்.

“நாங்கள்தான்.”

எங்களில் இளையவருக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கும் முழங்காலில் பட்டி.

நட்சத்திரங்களை மக்களே தெரிவு செய்யட்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். போட்டியிட்ட ஒவ்வொருவருக்கும் சரியாக ஒரு வாக்கு விழுந்தது. மச்சானுக்கு மட்டும் இரண்டு. இரண்டாவதைத் தான் போடவில்லை என்று அவருடைய மனைவி இன்றுவரை சத்தியம் செய்கிறா.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினோம். முதலில் தூர எறிதல் போட்டி. மூன்று புள்ளி எறிதலுக்கான கோடு நியாயமில்லாத தூரத்தில் இருப்பதாகச் சபை ஏகமனதாகத் தீர்மானித்து, ஒட்டுநாடாவால் நாலடி முன்னே புதுக்கோடு போட்டது. பங்குக் குருவான சுவாமி வந்து பந்தை ஆசீர்வதித்தார். எங்கள் கைக்கு வரப்போகிற பந்துக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

போட்டிக்கு முன்னர் மச்சான், வளையம்வரை எழும்பிப் பந்தை உள்ளே திணிக்கும் தன் பாய்ச்சலை ஒரு தடவை ஒத்திகை பார்க்க ஆசைப்பட்டார். யாரோ துள்ளித் துள்ளி மெலிவதற்கென்று வாங்கி உடுப்புக் காயப்போட்டு வந்த சின்ன ட்ராம்போலினை வளையத்துக்குக் கீழே வைத்து, ஓடிவந்து மிதித்தார். மேலே போகும்போது அழகாகத்தான் இருந்தது. கீழே வந்த பிறகு கணுக்கால் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது.

“பட்டியலில எட்டுப் பேர் இருக்கவேணும். ஏழு பேரோட தொடங்கேலாது” என்றார் சபைச் செயலாளர். மச்சானின் காலைவிட அவருக்குப் பட்டியல்தான் வலித்தது.

ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தா. “நான் எறியட்டோ?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“எறியுங்கோ அக்கா. பிள்ளையளுக்கும் பம்பலா இருக்கும்” என்றார் செயலாளர்.

அவ பனிச்சப்பாத்தைக் கழற்றி வைத்து, காலுறையோடு கோட்டில் நின்றா. ஒரு கையில் பந்தை ஏந்தி, முழங்காலை மெல்ல மடித்து எறிந்தா. பந்து பலகையைத் தொடாமல் வளையத்துக்குள் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. பத்தில் எட்டு. எனக்குப் பத்தில் ஒன்று. அதுவும் பந்தின் சொந்த முயற்சி.

“இது எங்க பழகினனீர்?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடத்தில வலைப்பந்து விளையாடினனான். அதில பலகை இல்லை, நேரா வளையத்துக்கைதான் போடவேணும்.”

“எனக்குச் சொல்லேல்லையே?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

கலியாணம் கட்டிப் பதினேழு வருடம். என் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் நான் பிடித்த ஒரே பிடியைப் பற்றி அவ எத்தனை தடவை கேட்டிருப்பா என்று யோசித்தேன். முகம் சுட்டது.

பிறகு வென்றவருக்கான கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் மச்சானின் பெயர் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருந்தது.

“நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான்” என்றார் மச்சான், காலில் ஐஸ் பையோடு. “எல்லாம் ஒரே குடும்பம்தானே?”

“ஓம் அண்ணை, ஒரே குடும்பந்தான். எறிஞ்சது நான்.”

சுவாமி மிச்ச ஒட்டுநாடாவை எடுத்து மச்சானின் பெயர்மேல் ஒட்டி, பேனையால் அவவின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவருடைய பிரசங்கங்கள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நட்சத்திர ஆட்டம். ஆள் குறைந்ததால் அவவையும் சேர்த்துக்கொண்டோம். ஆண்கள் யாரும் யாரையும் தடுக்கவில்லை. பெருந்தன்மை அல்ல, மூச்சு இல்லை. ஆனால் அவவின் கையில் பந்து போனதும் மூன்று பேர் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவ நிதானமாகத் தனியே நின்ற எனக்குத் தந்தா. வளையத்துக்கு நேர் கீழே நின்று தவறவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தரவில்லை. நானாயிருந்தாலும் தந்திருக்கமாட்டேன்.

ஆட்டம் முடிய இரண்டு பெண்கள் வந்து தங்களுக்கும் பழக்கச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஆறு பேர் போகிறார்கள். அன்றைக்குச் சமையல் என்னுடையது. பிள்ளைகள் அதை இங்கத்தைய பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் விமர்சிக்கிறார்கள்.

கால் சுகமானதும் மச்சான் தொலைபேசி எடுத்து, பெண்களுக்குப் பயிற்சியாளர் தேவையா என்று விசாரித்தார்.

“வேண்டாமண்ணை. பந்து பொறுக்கத்தான் ஆள் காணாது” என்றா தங்கை.

ஒரு வாரம் கோபமாக இருந்தார். அடுத்த செவ்வாய் போய்விட்டார். நன்றாகப் பொறுக்குகிறாராம்.