ஆணி படாத சுவர்

பாகலூர் சாலையில் புது வீடு பார்க்கப் போனபோது பில்டர் சொன்னது அத்தனையும் உண்மை.

"மேடம், பழைய வீட்ட வாங்கி வாடகைக்கு விட்டீங்கன்னா வாரம் ஒரு போன் வரும். பைப் போச்சு, ஃபியூஸ் போச்சு, கதவு சாத்த மாட்டேங்குதுன்னு. புதுசுல அந்தத் தொல்லையே இல்ல. முதல் வருஷம் எது உடைஞ்சாலும் நம்ம ஆளே போய்ப் பாத்துக்குவான். புது வீடுன்னா கம்பெனிப் பசங்க வரிசைல நிப்பாங்க. வாடகையே தவணையக் கட்டிடும். நீங்க அந்தப் பக்கமே வர வேண்டியதில்ல."

கடைசியாகச் சொன்னதையும் ஒரு வசதி என்றுதான் அப்போது கேட்டுக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. தனி ஆள். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை; நாள் முழுக்க அடுத்தவர் செய்ததில் குறை தேட வேண்டும். சம்பளம் நிற்கும் காலத்துக்கு ஒரு பிடிமானமாக இருக்கட்டும் என்று வாங்கினேன். ஒற்றை ஆளுக்கு இரண்டு படுக்கையறை எதற்கு? நான் என் பழைய வாடகை மாடியிலேயே இருந்துகொண்டேன்.

சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்துப் போனார். மறுவாரம், சாமல்பட்டிப் பக்கமிருந்து வந்த புதுத் தம்பதி அதே சமையலறையில் பால் காய்ச்சினார்கள். தீர்த்தத்தையும் பாலையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்டது வீடு. சாவி கொடுக்கும்போது, எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதையே நானும் சொன்னேன்: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க."

ஏழு மாதம். ஒரு போன் வரவில்லை. ஒன்றாம் தேதி செல்போனில் வாடகை வந்து விழும், 'டிங்' என்று. கூட ஒரு சொல் வராது.

என் மாடி மழைக்கு ஒழுகும். கீழ்வீட்டுக் கன்னடத்து அம்மா வாளியோடு ஏறி வருவார். "ஏனம்மா, இந்த மூலையும் போச்சா?" என்பார். வாளி நிறையும்வரை உட்கார்ந்து மருமகளைத் திட்டுவார். மழைக்காலத்தில் எனக்கு வாய்த்த பேச்சுத் துணை அந்த ஓட்டைதான்.

என் புது வீட்டிலிருந்தும் யாராவது ஒரே ஒருமுறை கூப்பிட வேண்டும். குழாய் சொட்டுது, வந்து பாருங்கக்கா என்று. நான் ஏங்கியதெல்லாம் இவ்வளவுதான். ஒரு பெருமழையன்று நானே கூப்பிட்டேன். "எங்கயாவது ஒழுகுதா கண்ணு?"

"ஒரு சொட்டுகூட இல்லக்கா. வீடு சூப்பர்க்கா."

நல்ல சேதிதான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல், பாகலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்த பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "வாங்கக்கா... வீட்டக் காலி பண்ணச் சொல்ல வந்தீங்களா?"

"இல்ல கண்ணு. சும்மாதான் வந்தேன்."

"சும்மா எந்த ஹவுஸ் ஓனர்க்கா வருவாங்க?"

உள்ளேயிருந்து அவள் புருஷன் குரல் கொடுத்தான். "சுவரப் பாக்க வந்திருப்பாங்க. காட்டு."

காட்டினாள். ஒரு பொட்டு ஓட்டை இல்லை. கல்யாண போட்டோ தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தது. காலண்டர் ஃபிரிட்ஜ் மேல். சுவர்க் கடிகாரம் டீப்பாயில் மல்லாந்து கிடந்தது. மணி பார்க்கக் குனிய வேண்டும். நாளைக்கே கிளம்புகிறவர்கள் போல ஏழு மாதம் இருந்திருக்கிறார்கள். நான் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

"சுத்தியல் இருக்கா?"

"வேணாங்க்கா. அப்புறம் நீங்களே கேப்பீங்க," என்றான் அவன். ஆனாலும் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நானே அடித்தேன். மூன்றாவது அடியில் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே சாம்பல் நிறக் கல்.

"யக்கா, சாட்சி இருக்கு, நாங்க அடிக்கல!" என்று அவன் கையைத் தூக்கினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வீட்டுக்குள் அதுவரை நான் சிரித்ததில்லை.

ஒரு சாண் தள்ளி அடித்த ஆணி நின்றது. போட்டோ ஏறியது. பக்கத்தில் அந்தப் பொக்கை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம்.

"வர்ற ஞாயித்துக்கெழம சிமென்ட் கொண்டாந்து பூசிடறேன்," என்றேன்.

"அய்யோ, நீங்க எதுக்குக்கா அலையணும்? இன்னும் வருஷம் முடியல. பில்டருக்கு ஒரு போன் போட்டா நாளைக்கே ஆள் வந்து பூசிடுவாங்க."

என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன். டீ கொடுத்தாள், குடித்தேன், கிளம்பினேன்.

கேட்டைத் தாண்டியதும் உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. கடிகாரத்துக்காக இருக்கும். பயந்து பயந்து இரண்டு அடி. பிறகு பயமில்லாமல் நாலைந்து. சத்தம் ஓயும்வரை தெருவிலேயே நின்றேன். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.